பளபளத்த வில்லைகள்

எம்.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டில் எனக்குக் கைடாக வந்த மேடத்துக்கு நான்தான் முதல் ப்ராஜெக்ட் மாணவி. அவர் கல்லூரியில் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். கண்ணுக்கே தெரியாத துகள்களை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவர். எனக்கும் அதே மாதிரி ஒரு தலைப்பைத்தான் முதலில் எழுதிக் கொடுத்தார். அதற்கு வேண்டிய கருவிகளின் பட்டியலைப் படித்த துறைத் தலைவர், இதில் நம்மிடம் இருப்பது தண்ணீர் மட்டும்தான் என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஊரில் கிடைப்பதை வைத்து ஏதாவது செய்யுங்கள் என்றார். விருத்தாசலத்தில் களிமண் கிடைக்கும். அரிசி மில்லில் உமி கிடைக்கும்.

தலைப்பு அப்படித்தான் வந்தது. களிமண்ணில் உமியைக் கலந்து, வட்ட வில்லைகளாகத் தட்டிச் சுட வேண்டும். சூட்டில் உமி எரிந்துபோய், அது இருந்த இடமெல்லாம் பொடித் துளைகளாகிவிடும். மேலே கலங்கல் தண்ணீரை ஊற்றினால் கீழே தெளிந்து சொட்ட வேண்டும். எவ்வளவு உமி போட்டால் எவ்வளவு தெளிகிறது என்று பார்ப்பது என் வேலை. மண்ணைச் சுடுவது பற்றி எனக்கு எதுவும் தெரியாது. மேடத்துக்கும் தெரியாது. "கத்துக்கலாம்மா" என்றார். யாரிடம் என்று சொல்லவில்லை.

எங்கள் வீடு கம்மாபுரம் பக்கம். அம்மாவின் மாவுச் சல்லடையை எடுத்து உமியைச் சலித்தேன். அதன்பிறகு அந்தச் சல்லடையை அம்மா சமையலறைக்குள் விடவே இல்லை. ஊறுகாய் பாட்டில் மூடியை அச்சாக வைத்து, நான்கு விதக் கலவையில் ஆறாறு என்று இருபத்து நான்கு வில்லைகள் தட்டினேன். ஒவ்வொன்றின் முதுகிலும் ஆணியால் எண்ணைக் கீறினேன். மேடத்திடம் காட்ட அவற்றை ஒரு தாம்பாளத்தில் அடுக்கி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஓர் அம்மாள் வெகுநேரம் தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில் மனசு கேட்காமல், "அதிரசம் இப்பிடி வெறைச்சிக்கிட்டு இருக்குதே, பாகு முத்திப்போச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ப்ராஜெக்ட்டை விளக்குவதைவிட அது சுலபமாக இருந்தது.

கல்லூரியில் இருந்த மின் உலையில் ஒரு சின்னக் கிண்ணம்தான் கொள்ளும். அதைப் போட்டால் அந்த மாடி முழுக்க ஃபேன் நின்றுவிடும். அதனால் என் அப்பா தனக்குத் தெரிந்த ஒருவரிடம் சொல்லிவிட்டார். ஊருக்கு வெளியே பீங்கான் பொம்மை செய்யும் பட்டறை வைத்திருப்பவர் அவர். நான் கொண்டுபோனவற்றில் ஒரு வில்லையை எடுத்து நகத்தால் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டார். இன்னும் ஈரம் இருக்கிறது என்றார்.

"ஈரத்தோட வச்சா சூளையில வெடிக்கும்மா. அது மட்டும் வெடிச்சிட்டுப் போவாது. எம் பொம்மைங்க மூக்கையெல்லாம் பேத்துட்டுதான் போவும். நல்லா காயவுட்டு எடுத்தாங்க."

பத்து நாள் மொட்டை மாடியில் காயவைத்துக் கொண்டுபோனேன். பிள்ளையார்களுக்கும் யானைகளுக்கும் நடுவே என் வில்லைகள் சூளைக்குள் போயின. வெந்துவிட்டது, வந்து எடுத்துக்கொள் என்று பட்டறைக்காரர் போன் செய்தபோது எனக்குத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. நாலு நாள் கழித்து வருகிறேன் என்றேன். அங்கேதான் தப்புச் செய்தேன்.

பொம்மையை ஒருமுறை சுட்டபின், பால் போன்ற ஒரு கரைசலில் முக்கி எடுத்து மறுபடியும் சுடுவார்கள். கிளேசு என்பார்கள். அதனால்தான் பீங்கானுக்கு அந்தக் கண்ணாடிப் பளபளப்பு வருகிறது. பட்டறையில் முக்கும் வேலை ஓர் அக்காவுடையது. நான் போய் நின்றதும் அவர் முகமெல்லாம் சிரிப்பாக அலமாரியைக் காட்டினார். என் இருபத்து நான்கு வில்லைகளும் புதுத் தட்டுகள் போல வெள்ளை வெளேரென்று மின்னிக்கொண்டிருந்தன.

"பொட்டப்புள்ள ஆசையா தட்டிக் குடுத்துருக்குது, வெறும் ஓடாட்டம் கெடக்குதேன்னு கிளேசு போட்டு வுட்டேன்" என்றார் அக்கா. "எம் பொம்மைக்கெல்லாம் ஒரு முக்கு போதும். ஒன்னுது குடிச்சிக்கிட்டே இருக்குது பாப்பா. சிலதுக்கு மூணு முக்கு."

நன்றி என்று சொன்னேன். துளைகள் அத்தனையும் அடைபட்டுவிட்டன என்பதை அந்தச் சிரிப்புக்கு முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

லேபில் மேடம் ஒரு வில்லையைக் கையில் வைத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரு புனலில் பொருத்தி, ஓரத்தை மெழுகால் அடைத்து, மேலே தண்ணீர் ஊற்றினார். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு வகுப்பு முடிந்து மணி அடித்தது. தண்ணீர் ஒரு துளி குறைந்த மாதிரி இருந்தது. மேடத்தின் முகம் மலர்ந்தது. நான் தலைக்குமேல் சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைக் காட்டினேன். முகம் பழையபடி ஆகிவிட்டது.

அழுதுவிடுவாரோ என்று பயந்துபோய், ஏதாவது பேச வேண்டுமே என்று, அந்த அக்கா சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். மூன்று முக்கு என்றதும் மேடம் நிமிர்ந்தார்.

"எந்தெந்த வில்லை மூணு முக்கு குடிச்சுதுன்னு கேட்டியா?"

கேட்கவில்லை. உடனே மேடத்தின் ஸ்கூட்டியில் இருவரும் பட்டறைக்குப் போனோம். அக்கா வில்லைகளை ஒவ்வொன்றாக வாங்கி, முதுகைத் தடவிப் பார்த்து, ஒரு முக்கு, இரண்டு முக்கு, மூன்று முக்கு என்று மூன்று குவியலாகப் பிரித்து வைத்தார். கண்ணாடிப் பூச்சுக்கு அடியிலிருந்த ஆணிக் கீறல் விரலுக்குத் தட்டுப்பட்டது. எண்களைப் படித்து மேடம் நோட்டில் எழுதிக்கொண்டே போனார். உமி கூடக் கூட முக்கும் கூடியிருந்தது. அதிகம் உமி போட்டவற்றில் ஒன்று ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தது. அதைவிட ஒரு படி குறைவாக உமி போட்ட கலவைதான் சரியானது என்று அங்கேயே தெரிந்துவிட்டது. எதில் எவ்வளவு துளை என்று அளந்து சொல்கிற கருவிக்காக மேடம் வெளியூர்க் கல்லூரி ஒன்றுக்கு எழுதிப் போட்டு இரண்டு மாதமாகப் பதிலுக்குக் காத்திருந்தார்.

ஆனாலும் தண்ணீர் வடிகட்டிக் காட்ட வேண்டுமே. மறுபடியும் இருபத்து நான்கு. இந்தமுறை மேடமே துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு மண் பிசைந்தார். காய்ந்ததும் கொண்டுபோய்ப் பட்டறையில் வைத்து, பெரிய அட்டையில், 'ஆராய்ச்சிப் பொருள். யாரும் தொடக் கூடாது' என்று சிவப்பு மையில் எழுதி மேலே நிறுத்தினார். இனி கவலை இல்லை என்றார்.

மூன்றாம் நாள் போனோம். அட்டை அப்படியே நின்றது. அதற்குக் கீழே வில்லைகளும் அப்படியே, பச்சை மண்ணாகவே இருந்தன. சூளை மட்டும் எரிந்து அடங்கியிருந்தது.

"தொடக் கூடாதுன்னு எழுதியிருந்துதுங்களே" என்றார் பட்டறைக்காரர். "அதான் சூளைக்கு ஏத்தல. கூட்டும்போதுகூட வெளக்கமாறு படாமதான் கூட்டுனோம்."

மேடம் அட்டையை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். திரும்பி வரும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது; வண்டியை நிறுத்தினார். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அவர் தோள் குலுங்குவது தெரிந்தது. எட்டிப் பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கேட் திறந்தது தெரியாமல் நாங்கள் சிரித்துக்கொண்டிருக்க, பின்னால் பஸ்காரர் ஹாரனை அழுத்திப் பிடித்துவிட்டார்.

அடுத்த சூளைக்கு நானே போய் நின்றேன். வில்லைகளை ஏற்றும்போதும் இறக்கும்போதும் பக்கத்திலேயே இருந்தேன். இறக்கியதும், சூடு ஆறியும் ஆறாமலும் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டேன். இப்படி ஓடுகிறாயே, கிளேசு வேண்டாமா என்று அக்கா கேட்டார். அன்றைக்குத்தான் உண்மையைச் சொன்னேன். அவர் கிளேசு வாளியை ஓரமாகத் தள்ளி வைத்தார். "அன்னிக்கே சொல்றதுக்கு என்னா? ரெண்டு திட்டு திட்டியிருந்தாகூட மனசு ஆறியிருக்கும்" என்றார்.

வில்லைகள் வடிகட்டின. ஒரு டம்ளர் தண்ணீர் இறங்க அரைநாள் ஆனது. ஆனால் இறங்கியது தெளிவாக இருந்தது. பளபளத்த வில்லைகளின் கதையை ஆய்வேட்டில் சேர்க்க வேண்டுமா என்று துறைத் தலைவர் தயங்கினார். நடந்தது நடந்தபடி இருக்கட்டும் என்று மேடம் பிடிவாதமாக அதற்கென ஓர் அத்தியாயமே வைத்தார்.

வைவாவுக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அந்த அத்தியாயத்தில்தான் அதிக நேரம் நின்றார். கடைசியாக, வடிகட்டிய தண்ணீர் இருந்த டம்ளரைத் தூக்கிப் பிடித்து, "நீங்க ரெண்டு பேரும் இதைக் குடிப்பீங்களா?" என்று கேட்டார்.

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் என்னைப் பார்த்தார். "மாட்டோம் சார்" என்று இருவரும் ஒன்றாகச் சொன்னோம். கிருமிப் பரிசோதனை செய்யவில்லை, தெளிவாக இருப்பதாலேயே குடிக்கலாம் என்று சொல்ல முடியாது என்று நான் விளக்கினேன். அவர் தலையாட்டிக்கொண்டே ஏதோ எழுதினார். வகுப்பில் இரண்டாவது மதிப்பெண் எனக்கு வந்தது.

அடுத்த வருடம் மேடத்திடம் நான்கு பேர் ப்ராஜெக்ட்டுக்குச் சேர்ந்தார்கள். நால்வருக்கும் கம்ப்யூட்டரிலேயே முடிந்துவிடுகிற தலைப்பாகப் பார்த்துக் கொடுத்தார் என்று கேள்விப்பட்டேன்.