பக்கத்து பிரஸ்ஸும் எங்கள் வெளிச்சமும்

ஒளிச் சில்லில் கண்ணாடி இழை ஒட்டுகிறவனுக்கு முதல் எதிரி அதிர்வு; அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அந்த எதிரி பக்கத்துக் கட்டிடத்திலேயே இருப்பான். ஓடும் பஸ்ஸில் ஊசிக்கு நூல் கோர்க்கப் பார்த்தவர்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குத்தான் புரியும்.

டமால்

தொண்ணூறுகளில் எங்கள் சின்னக் கம்பெனியில் டெலிபோன் கருவிகளுக்காக ஒருவகைச் சில்லு, அதாவது 'சிப்', தயாரானது. நகத்தளவுகூட இருக்காது. அதன்மேல் மின்சாரத்துக்குப் பதில் ஒளி ஓட ஒரு வாய்க்கால். வாய்க்காலின் வாய்க்கு நேராக முடியளவு கண்ணாடி இழையைப் பிடித்து ஒட்ட வேண்டும். இம்மி பிசகினாலும் ஒளி உள்ளே போகாது.

பக்கத்தில் ஏகாம்பரத்தின் தகடு வெட்டும் பிரஸ். அது இறங்கும்போதெல்லாம் உள்ளே போகும் ஒளியை அளக்கும் எங்கள் மீட்டர் முள்ளுக்குத் தூக்கிவாரிப்போடும். கெஞ்சப் போனேன்.

"இன்னா நைனா, நான் தகடு வெட்டுனா ஒன் வெளிச்சத்துக்கு இன்னா நோவு? எங்க ஆளுங்க துன்னப் போற நேரத்துல ஒட்டிக்கோ, போ!"

பட்டினி வேலை

அன்றிலிருந்து அவர்கள் சாப்பிடும் நேரம் எங்களுக்கு வேலை நேரம். இன்ஜினியர் ஸ்டெல்லா மைக்ராஸ்கோப்பில் கண் வைத்து, இழையை நகர்த்தும் திருகைத் திருப்புவார். நான் மீட்டரைப் படிப்பேன். பசை காயும்போது சுருங்கி இழையை இழுக்கும். எவ்வளவு இழுக்கும் என்று கணக்குப் போட்டு அவர் முன்கூட்டியே தள்ளி வைப்பார். காயும்வரை இருவரும் சிலைதான்.

பண்டிகை நெருங்கியதும் ஏகாம்பரத்துக்கு ஆர்டர் குவிந்தது. சாப்பாட்டு வேளையிலும் ஆள் மாற்றி இரவு பகலாக ஓட்டினார். பாதி காய்ந்த பசையில் டமால்! ஒவ்வொரு சில்லாகக் குப்பைக்குப் போய், கடைசியில் ஒன்றே மிஞ்சியது. விஜயதசமிக்கு மறுநாள் வாடிக்கையாளர் வருகிறார்; மாதிரி தேறாவிட்டால் எங்கள் பிரிவையே மூடிவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார்.

ஸ்டெல்லா சொன்னார்: "சார், இதுவும் போச்சுன்னா நாம ரெண்டு பேரும் ஏகாம்பரத்துக்கிட்டயே தகடு வெட்டப் போயிடலாம்."

நல்ல நேரம்

ஆயுத பூஜையன்று பிரஸ் நின்றது. ஆனால் பூஜையில் வைத்த கருவியை விஜயதசமியில்தான் மறுபடி தொடலாம். அன்று ஏகாம்பரமும் பிரஸ்ஸை எழுப்பிவிடுவார். ஆகவே பூஜைக்கு முன்பே ஒட்டியாக வேண்டும். குங்குமத்தூள் உள்ளே வந்துவிடக் கூடாதென்று ஸ்டெல்லா கதவைத் தாழிட்டார். முதலாளி கற்பூரத் தட்டோடு வெளியே நின்றார்.

பசை வைத்தாயிற்று. பசை இழுக்க இழுக்க முள் ஏற வேண்டும். ஏறவில்லை. "ராகு காலம் வரப்போகுது" என்று முதலாளி கதவைத் தட்டினார். முள் துடித்தது. "தட்டாதீங்க!" என்று கத்தினேன். எனக்குச் சம்பளம் கொடுப்பவர் என்பதே மறந்துவிட்டது. பிறகு முள் மெல்ல ஏறியது, ஏறி நின்றது. ஸ்டெல்லாவுக்குத் திருகிலிருந்து கையை எடுக்கவே பயம். கதவைத் திறந்தேன்.

"என்னையே அதட்டுறீங்க, ம்? ஒட்டிச்சா? ஒட்டிச்சுன்னா சரி, தள்ளுங்க, பொட்டு வைக்கணும்."

பேசாத மனிதர்

வாடிக்கையாளர் ஒளியை விட்டுப் பார்த்தார். சில்லைச் சூடாக்கிப் பார்த்தார், குளிரவைத்துப் பார்த்தார். நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். ஸ்டெல்லாவின் கைக்குள் ஜெபமாலை. சுவருக்கு அப்பால் பிரஸ் இறங்கிக்கொண்டே இருந்தது. காய்ந்த பசை அசைந்து கொடுக்கவில்லை. வாடிக்கையாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"அருமை. ஆர்டர் உங்களுக்குத்தான். வாரா வாரம் இதே மாதிரி ஒரு பெட்டி அனுப்பிடுங்க."

எங்கள் தொழிலில் தோற்றால் வேலை போகும். ஜெயித்தாலோ, வாரா வாரம் ஆயுத பூஜை வர வேண்டும்.