லிஃப்டுக்கு எத்தனை நாள்

திட்டங்கள் ஏன் தாமதமாகின்றன என்று ஆராய்ந்து, அதையே கல்லூரியில் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். கசார்வாடியில் நாங்கள் இருக்கும் கட்டடத்தில் இதை ஒரு வேலையாக யாரும் மதித்ததில்லை. “லேட்டாகும்னு சொல்றதுக்கு ஒரு படிப்பா தம்பி?” என்பார் நாலாம் மாடி அண்ணன். ஆர்டினன்ஸ் பேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நியாயமான கேள்விதான், ஆனாலும் எரிச்சல் வரும்.

போன வருடம் பழைய லிஃப்டைக் கழற்றிவிட்டுப் புதிது போட குடியிருப்போர் சோசைட்டியில் முடிவானது. “பந்த்ரா தின், பக்கா” என்றார் கான்ட்ராக்டர். பதினைந்தே நாளில் ஓடுமாம். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு அண்ணனின் மனைவியை நினைத்துக் கவலையாக இருந்தது. அந்த அக்கா வாரம் மூன்று முறை பிம்ப்ரி ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் போக வேண்டும். படி இறங்க முடியாது.

“ரெண்டு வாரம்தானே, சேர்ல உக்கார வச்சுத் தூக்கிக்கலாம். பில்டிங்ல பசங்க இருக்காங்க” என்றார் அண்ணன்.

என் துறையில் எளிமையான வழி ஒன்று உண்டு. இந்த வேலைக்கு எத்தனை நாளாகும் என்று கேட்கக் கூடாது. இதே மாதிரி வேலைகளுக்கு இதற்கு முன் எத்தனை நாளாயிற்று என்று கேட்க வேண்டும். கான்ட்ராக்டர் கிளம்பியதும் அவருடைய மெக்கானிக்கை டீக்கடைக்கு அழைத்துப்போய்க் கேட்டேன். கடைசியாகப் போட்ட மூன்று லிஃப்டுகளை யோசித்து யோசித்துச் சொன்னார். ஒன்றுகூட நாற்பது நாளுக்குக் குறையவில்லை.

“ஆறு தடவை தூக்க ஆள் வருவாங்கண்ணே. நாப்பது நாள்னா பதினேழு தடவை, வருவாங்களா?” என்றேன். ஒரு தடவை தவறினால் என்னவாகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

அடுத்து நான் சொன்னது எனக்கே பிடிக்கவில்லை. எங்கள் வீடு தரைத்தளம். வேலை முடியும்வரை வீட்டை மாற்றிக்கொள்ளலாம் என்றேன். “உங்க ஆராய்ச்சிக்கு நான் நாலு மாடி ஏறணுமா?” என்று கேட்ட என் மனைவி, தினமும் என்னைத் திட்டிக்கொண்டேதான் ஏறினாள்.

பதினாறாம் நாள் லிஃப்ட் இருந்த இடத்தில் வெறும் பள்ளம்தான் இருந்தது. சாகண் பேக்டரியிலிருந்து ஏதோ பாகம் வரவில்லையாம். எல்லாம் என் வாய் முகூர்த்தம் என்றார் அண்ணன். நாற்பத்து மூன்றாம் நாள் லிஃப்ட் ஓடியது. அக்காவுக்கு ஒரு டயாலிசிஸ்கூடத் தவறவில்லை. என் வேலையில் எனக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் கிடைத்ததில்லை.

அன்று அக்காவை நான்தான் மேலே அழைத்துப்போனேன். லிஃப்டில் நாங்கள் இருவர் மட்டும்.

“முன்னாடி போட்ட லிஃப்டையெல்லாம் விசாரிச்சுத்தானே தம்பி நாள் சொன்னீங்க?”

“ஆமாக்கா.”

“என்னை மாதிரி டயாலிசிஸ் பண்ணிக்கிட்டவங்களை விசாரிச்சு, எனக்கும் சொல்லுவீங்களா?”

“உங்களுக்கு அதெல்லாம் பொருந்தாதுக்கா. நீங்க ரொம்ப நாள் இருப்பீங்க” என்றேன். என் மாணவர்களில் யாராவது இப்படி ஒரு பதில் எழுதியிருந்தால் முட்டை போட்டிருப்பேன்.