பனீர் மணத்த விவாகப் பத்திரம்

நேற்று மகள் ஒரு பனீர் பொட்டலம் வாங்கி வந்து குளிர்பெட்டியில் வைத்துவிட்டுப் போனாள். இருநூற்று இருபத்தாறு கிராம் என்று போட்டிருந்தது. முழுசாக இருநூற்றைம்பது போட்டால் யார் கையைப் பிடிக்கிறார்கள்? கணக்குப் பார்த்தேன், பழைய அரை இறாத்தல், அதாவது அரைப் பவுண்டு. அதை அரை இறாத்தல் என்று சொல்ல இந்த வெள்ளைக்கார நாட்டுக்கே வெட்கம் வந்துவிட்டது. உள்ளே முப்பத்திரண்டு துண்டுகள், எல்லாம் ஒரே அளவு. ஒன்றை எடுத்து மணந்து பார்த்தேன். பிளாஸ்டிக்குக்காவது ஒரு மணம் இருக்கும்.

"எண்ணி முடிஞ்சுதெண்டால் தாங்கோ, நான் சமைக்கோணும்," என்றாள் மனைவி.

பனீருக்கு மணம் உண்டு. அது எங்கள் விவாகப் பத்திரத்தில் பல வருடங்கள் இருந்தது. நீங்கள் சிரிப்பீர்கள். எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வருவதில்லை.

எண்பதுகளின் நடுவில் வெம்பிளியில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் மூன்று பேர் இருந்தோம். நான், பெற்றோல் நிலையத்தில் வேலை செய்த தவராசா அண்ணை, மூன்றாவது ஜெயம். அடுப்பில் நான்கு வாய், எரிவது இரண்டு. வாசல்படியில் பால்காரன் காலையில் கண்ணாடிப் போத்தல்களை வைத்துவிட்டுப் போவான். வெள்ளித் தாள் மூடியை எங்களுக்கு முந்திக் குருவி கொத்திவிடும். கிழமைக்கு ஒன்பது போத்தல் என்று நான்தான் கணக்கு வைத்தேன். ஊரில் நில அளவைக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவன். எண்ணாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது.

ஜெயத்துக்கு அப்போது இருபத்துநாலு வயது. சவுத்தாலில் ஒரு பஞ்சாபிக்காரரின் கலியாணச் சமையல் கூடத்தில் அண்டா கழுவினான். கழுவிக்கொண்டே பார்த்துக் கற்றுக்கொண்டது பனீர். முதல் தடவை அவன் நான்கு போத்தல் பாலை ஒரே சட்டியில் ஊற்றிக் காய்ச்சி, பொங்கி வரும் நேரத்தில் எலுமிச்சம் புளியைப் பிழிந்தபோது நான் பக்கத்தில் நின்றேன். பால் திரைந்தது. எங்கள் ஊரில் பால் திரைந்தால் வீட்டுப் பெண்கள் முகம் கறுத்துப் போகும். புது வீட்டில் திரைந்தால் குடிபோவதையே தள்ளிப்போடுவார்கள். இவன் வேண்டுமென்றே திரைய வைத்துவிட்டுப் பல்லைக் காட்டுகிறான்.

"நல்ல பாலைக் கெடுத்துப்போட்டுச் சிரிக்கிறியோ?"

"கெடேல்லை அண்ணை. பொறுங்கோ."

துணியில் வடித்து, முடிச்சுக் கட்டி, இரண்டு தட்டுக்கு நடுவில் வைத்து, மேலே அரிசிப் பையைப் பாரமாக ஏற்றினான். இரண்டு மணித்தியாலம். பிறகு வெட்டிப் பொரித்து, பஞ்சாபிக்காரர் கண்டால் அழுதிருப்பார், எங்கள் கறித்தூளும் தேங்காய்ப் பாலும் போட்டுப் பிரட்டினான். அன்று வெள்ளிக்கிழமை, நாங்கள் மூவரும் சைவம். தவராசா அண்ணை ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டுக் கண்ணை மூடினார்.

"டேய், இது வெள்ளிக்கிழமை ஆட்டிறைச்சியடா. கடவுளுக்குத் தெரிஞ்சால் தடை செய்வார்."

இருபத்தேழு துண்டுகள், ஆளுக்கு ஒன்பது. நான் பிரித்தேன். என் பங்கில் ஓரத்துண்டு மூன்று வந்துவிட்டது என்று அன்றும் எரிச்சல்தான். ஆனால் நடு மெத்தென்று, ஓரம் முறுகி, உள்ளே இலேசான புளிப்போடு அந்தக் கறி இருந்ததை என்னால் மறுக்க ஏலாது. அதற்குப் பிறகு பால் கணக்கைப் பதின்மூன்று போத்தலாக்கினேன்.

அந்த நேரத்தில் என் மனைவியும் மூன்று வயது மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் ஓர் அறையில் காத்திருந்தார்கள். அவர்களைக் கூப்பிடுவதற்கான கடதாசிகளைக் குரோய்டன் குடிவரவுக் கந்தோரில் மூலப்பிரதியாகக் காட்ட வேண்டும். பதினொரு கடதாசிகள். பத்தை ஒரு கோப்பில் அடுக்கினேன். பதினோராவது விவாகப் பத்திரம். கொழும்பிலிருந்து நாலாக மடித்து வந்திருந்ததால் மடிப்பு நிமிர வேண்டுமென்று என் பெரிய ஆங்கில அகராதிக்குள் வைத்தேன். எந்தப் பக்கத்தில்? விவாகம் என்பதற்கான ஆங்கிலச் சொல் இருக்கும் பக்கத்தில். கந்தோர்ப் புத்தி. தேடாமல் எடுக்கலாமே என்று.

குரோய்டன் திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை பகல் நான் முடி வெட்டப் போயிருந்தேன். திரும்பி வந்தால் வீடு முழுக்கப் பால் மணம். அரிசிப் பை முதல்நாளே முடிந்துவிட்டிருந்தது. பாரத்துக்கு என்ன செய்வதென்று தேடிய ஜெயம் என் அகராதியைத் தூக்கி வைத்திருக்கிறான். துணி முடிச்சு உருண்டை. அகராதி சரிந்து, பக்கத்தில் பனீர்த் தண்ணீர் வடிந்து நின்ற பேசினுக்குள் விழுந்து கிடந்தது. அதை அவன் அப்போதுதான் வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஒண்டும் இல்லை அண்ணை, மட்டைதான் நனைஞ்சது."

நான் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். பத்திரத்தின் கீழ்ப்பாதி நனைந்து, பதிவாளரின் ஊதா முத்திரை ஒரு பக்கம் கசிந்து, என் மனைவியின் கையெழுத்தின் கடைசி எழுத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது.

அன்று நான் கத்தியதை இங்கே எழுத மாட்டேன். ஒன்றை மட்டும் சொல்கிறேன். "பால் திரையிற வீட்டிலை என்ன காரியமடா உருப்படும்? உனக்கெண்டு ஆரும் காத்துக்கொண்டு இருந்தால் தெரியும்," என்றேன். அவனுக்கு யாரும் இல்லை என்பது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. பிறகு துணி முடிச்சை அப்படியே எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

ஜெயம் பத்திரத்தை இரண்டு மூலையில் பிடித்துக்கொண்டு காஸ் ஹீட்டருக்கு முன்னால் முழங்காலில் இருந்தான். கிட்டப் பிடித்தால் சுருளும், எட்டப் பிடித்தால் காயாது. ஒரு சாண் தூரத்தில் பிடித்தான். மூன்று மணித்தியாலமும் பத்து நிமிடமும். அன்றைய ஷிப்டுக்குப் போகவில்லை. தவராசா அண்ணை தேத்தண்ணி கொண்டுவந்து அவன் வாயில் பருக்கினார், கை இரண்டும் பத்திரத்தில் இருந்ததால். எனக்கும் ஒரு கோப்பை தந்துவிட்டு, "கலியாணத்தைக் குடிச்சுப்போட்டுது உன்ரை அகராதி. அதுக்கு ஏன் பொடியனைத் தின்னுறாய்?" என்றார்.

திங்கட்கிழமை நான் அந்தக் கறைக்கு ஆங்கிலத்தில் நான்கு விளக்கங்கள் பாடமாக்கிக்கொண்டு போனேன். முதலாவது உண்மை, மற்ற மூன்றும் அதைவிட நம்பக்கூடியவை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் பதினொன்றையும் புரட்டினாள். விவாகப் பத்திரம் வந்தபோது அவளுடைய மூக்கு ஒரு தரம் அசைந்ததைக் கண்டேன். பிரதி எடுத்தாள், திருப்பித் தந்தாள், அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டாள். ஒரு கேள்வி இல்லை. மூன்று இரவு நித்திரையில்லாமல் நான் செதுக்கிய நான்கு விளக்கங்களும் வீண். அந்த எரிச்சலில் வீடு திரும்பியவன், ஜெயம் "என்னவாம் அண்ணை?" என்று கேட்டபோது, "ஒண்டும் கேக்கேல்லை," என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். பிறகு சொல்லலாம் என்று வைத்தேன்.

அவன் அந்த வீட்டில் மறுபடி பனீர் செய்யவில்லை. இருபத்தாறு வெள்ளிக்கிழமைகள் பருப்பு. பால் கணக்கு ஒன்பதுக்கு இறங்கியது. பிறகு அவன் கனடாவுக்குப் போனான். அதற்கு இரண்டு மாதம் கழித்து என் மனைவியும் மகளும் வந்து இறங்கினார்கள். மனைவி அந்தப் பத்திரத்தை விரித்ததும் மூக்கைச் சுளித்தாள். "என்னப்பா இது, எங்கடை கலியாணம் புளிச்சுப் போச்சோ?" கதையைச் சொன்னேன். குப்பைத் தொட்டி வரை கேட்டுக்கொண்டிருந்தவள், "அந்தப் பிள்ளைக்கு ஒரு கடிதம் போடுங்கோ," என்றாள். விலாசம் தேடுகிறேன் என்றேன். தேடினேன் என்றுதான் நினைக்கிறேன். பிறகு மகளின் பள்ளிக்கூடம், வீடு மாற்றம், தொண்ணூறுகள் எப்படிப் போயின என்று எண்ணவே முடியவில்லை.

போன வருடம் ஒரு கலியாண மண்டபத்தில் ஜெயத்தின் ஒன்றுவிட்ட தமையனைக் கண்டேன். "ஜெயமோ? அவன் செத்துப்போய் நாலைஞ்சு வருசம் இருக்குமே," என்றார், தட்டில் வடையை எடுத்துக்கொண்டே.

"நாலோ, அஞ்சோ?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அவருக்குத் தெரியவில்லை.

இப்போது வாசலில் பால் போத்தல் வைப்பவர்கள் இல்லை. வெம்பிளி வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள், ஆறு தளம். தவராசா அண்ணை இல்லை. நேற்று மனைவி முப்பத்திரண்டு துண்டுகளையும் பொரித்துக்கொண்டிருந்தபோது நான் அறைக்குப் போய், மேசையின் கீழ் இழுப்பறையிலிருந்து பத்திரத்தை எடுத்தேன். கறை பழுப்பாகிவிட்டது, முத்திரை வெளிறிவிட்டது. மூக்கோடு வைத்து மூன்று தரம் இழுத்தேன். வெறும் பழைய கடதாசி.

என்ன செய்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"இன்னும் மணக்குதோ?" என்று குசினிக்குள் இருந்து கேட்டாள்.

"ஓம்," என்றேன். "கொஞ்சம்."