இடக்காலுக்கும் ஒரு பங்கு

பத்மாவதிக்கு ஒரு வியாதி இருந்தது. நாங்கள் இருவரும் தாதிப் பயிற்சிக்குச் சேர்ந்த ஐம்பத்தாறாம் ஆண்டிலேயே அது நன்றாக முற்றிப்போயிருந்தது. எதைச் சொன்னாலும் "ஏன்?" என்பாள். காய்ச்சல்காரருக்கு நெற்றியில் ஈரத்துணி போடு என்றால், ஏன் நெற்றியில், காலில் போட்டால் என்ன என்பாள். வகுப்பெடுத்த மூத்த தாதி சோக்கட்டியை மேசையில் எறிந்துவிட்டு, "பிள்ளை, உமக்கு நேர்ஸ் வேலை வேணுமோ, கோட்டிலை வழக்குப் பேசிற வேலை வேணுமோ?" என்று கேட்டார். பத்மாவதி அதையும் கொஞ்சம் யோசித்துப் பார்த்தாள்.

கோப்பாயில் பிறந்து, அங்கேயே வெங்காயத் தோட்டக்காரர் நடராசாவுக்கு வாழ்க்கைப்பட்டவள். அறுபதுகளின் நடுவில் எங்கள் இருவருக்கும் பருத்தித்துறைப் பக்கம் ஒரு கடற்கரை ஆஸ்பத்திரியில், ஆண்கள் வாட்டில் வேலை கிடைத்தது. அங்கே படுத்திருந்தவர்களில் பாதிப் பேர் கடல் தொழிலாளர். கடலடி முருகைக்கல் கிழித்த கால், மீன்முள் ஏறிய கால், தூண்டில் கொழுவிய கால். அந்தக் காலோடு உப்புத் தண்ணீரில் நின்று வேலை செய்துவிட்டு, காயம் அழுகிப் புண்ணான பிறகுதான் எங்களிடம் வருவார்கள். முன்னமே வந்தால் என்ன என்று நான் கத்தாத நாளில்லை.

புண்ணுக்கு யூசோல் என்று ஒரு மருந்து, குளோரீன் மணக்கும் தண்ணீர். துணியை அதில் தோய்த்துக் கட்டவேண்டும், மறுநாள் காய்ந்து ஒட்டிப்போன துணியை உரிக்கவேண்டும். சோழகக் காற்றில் கொந்தளிக்கும் கடலுக்குப் பயப்படாத மனிதர்கள் அந்த நேரம் அம்மாவைக் கூப்பிடுவார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உரித்துவிடுவேன். பத்மாவதி உரித்துவிட்டு மருந்தறைக்குள் போய் அழுவாள்.

"நோகப் பண்ணுறது பரவாயில்லை, கமலா. இதாலை சுகம் வருதோ இல்லையோ எண்டு தெரியாமல் நோகப் பண்ணுறது தான் எனக்குத் தாங்கேலாமல் கிடக்கு" என்றாள்.

அவள் தேடியது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சிச் சட்டிக்குள் கிடந்தது. கிழட்டுக் கிடாய் வேகவில்லை என்று மாமியார் ஒரு துண்டுப் பப்பாக்காயை, அதுதான் பப்பாளிக்காயை, போட, இறைச்சி பஞ்சாகிவிட்டது. எல்லா வீட்டிலும் நடக்கிற காரியம். மற்றவர்கள் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்கள். பத்மாவதி "ஏன்?" என்றாள். பப்பாக்காய் இறைச்சியைக் கரைக்குமென்றால் புண்ணில் செத்துக் கிடக்கும் சதையையும் கரைக்காதா? உயிருள்ள சதையை என்ன செய்யும்?

அடுத்த கிழமை அவளுடைய குசினித் தட்டில் ஜாம் போத்தல்கள் வரிசையாக நின்றன. ஒன்றில் இறைச்சியும் யூசோலும், ஒன்றில் இறைச்சியும் பப்பாக்காயும், ஒன்றில் இறைச்சியும் உப்புத் தண்ணீரும். தோட்டத்தால் பசியோடு வந்த நடராசா மூடிகளைத் திறந்து மோந்து பார்த்தார்.

"இதிலை எது எனக்கு, எது ஆஸ்பத்திரிக்கு?"

"எல்லாம் ஆஸ்பத்திரிக்கு."

"அப்ப எனக்கு?"

"சம்பல் கிடக்கு."

பப்பாக்காய்ப் போத்தலில் இறைச்சி கூழாய்க் கரைந்தது. மற்ற இரண்டிலும் அப்படியே கிடந்தது. உயிருள்ள சதைக்கு அவள் வேறெங்கும் போகவில்லை. கிணற்றடியில் விழுந்து சிராய்த்துக்கொண்ட தன் முழங்கையிலேயே துருவிய பப்பாக்காயை வைத்துக் கட்டினாள். கொஞ்சம் கடித்தது, பிறகு ஆறிவிட்டது. அந்த முழங்கையை டொக்டர் பொன்னம்பலத்தின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

டொக்டர் கெட்ட மனிதரல்ல. கெட்டிக்காரர், அது மற்றவர்களுக்கும் தெரிந்திருக்கவேண்டும் என்று விரும்புகிறவர். வயிறு குலுங்கச் சிரித்தார்.

"நாளைக்கு மிளகாய்த்தூளும் போடச் சொல்லுவீரோ, மிஸி?" என்றார். ஆனால் முழங்கையை இன்னொரு தரம் திருப்பிப் பார்த்தார். "சரி. கடல் பக்கத்துக் கட்டிலுகளுக்கு உம்மடை பப்பாக்காய். றோட்டுப் பக்கத்துக்கு யூசோல். வித்தியாசம் தெரிஞ்சால் வாட்டு முழுக்கப் பப்பாக்காய். தெரியாட்டில், பப்பாக்காய் எண்ட சொல்லே இனி இஞ்சை கேக்கப்படாது."

பத்மாவதி தரையில் நடக்கவில்லை. தினமும் ஒரு பை பப்பாக்காயோடு கோப்பாயில் பஸ் ஏறுவாள். ஒருநாள் வல்லை வெளியில் பஸ் குலுங்கிய குலுக்கலில் பை கிழிந்து, காய்கள் ஆளுக்கொரு பக்கம் உருண்டன. "மிஸி, உங்கடை மருந்து இறங்கப் போகுது, ரிக்கற் எடுத்ததோ?" என்று கொண்டக்டர் கூவ, பஸ்ஸே குனிந்து பொறுக்கியது. காய்ப்பால் ஒட்டிய கையோடு எல்லோரும் இறங்கிப் போனார்கள்.

கடல் பக்கத்துக் கால்கள் அழுக்குச் சதை கழன்று சிவந்து வந்தன. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்துப் பார்த்தால் றோட்டுப் பக்கத்துக் கால்களும் சிவந்து வந்தன. டொக்டர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்டு தானே, மிஸி" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு யூசோல் போத்தலை உடைத்திருப்பேன். பத்மாவதிக்கோ பழைய வியாதி திரும்பிவிட்டது. இவ்வளவு காலமும் ஆறாத புண் இப்போது மட்டும் ஏன் ஆறுகிறது? கட்டு மாற்றும் நேரத்துக்குக் காத்திராமல் நேரே றோட்டுப் பக்கத்துக் கட்டில் ஒன்றுக்குப் போய்க் கட்டை அவிழ்த்தாள். உள்ளே யூசோல் துணிக்கடியில் பப்பாக்காய்த் துருவல். அடுத்த கட்டிலிலும் அதுதான். எல்லோரும் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்கள்.

கடல் பக்கத்திலிருந்து தண்டையல் முத்துக்குமாரு தொண்டையைச் செருமினார். வள்ளம் நடத்தும் தலைவர், வாட்டுக்குள்ளும் தலைவர் அவர்தான்.

"கோவியாதேங்கோ, மிஸி. என்ரை மனிசி தான் சோத்தோடை துருவிக் கொண்டு வந்தவ. நீங்கள் கட்டு மாத்த வர முந்திக் கழுவிவிடுவாங்கள். எங்கடை வலையிலை மீன் பட்டால், காய்ச்சலிலை வீட்டை கிடக்கிறவனுக்கும் பங்கு வைப்பம். உங்காலை றோட்டுப் பக்கம் கிடக்கிறவங்கள் என்ரை வள்ளத்துப் பொடியள். எனக்குச் சுகம், அவங்களுக்கு எரிச்சல் எண்டால் எப்பிடி மிஸி நான் சோறு தின்னுறது?"

பத்மாவதி ஏசத்தான் வாயைத் திறந்தாள். சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்க நான் சிரிக்க, கட்டுப்போட்ட கால்களைத் தூக்கிக்கொண்டு வாட்டே சிரித்தது.

டொக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "உது கலப்படம். கணக்கிலை எடுக்கேலாது" என்றார். அவள் விடாமல் பின்னால் திரிய, "பங்கு போட ஏலாத ஒரு ஆளைக் கொண்டுவாரும், பாப்பம். அதோடை சரி" என்று கையை விரித்தார்.

அந்த ஆள் தானாகவே வந்து சேர்ந்தார். தியாகலிங்கம், வேறு வள்ளத்துக்காரர். முருகைக்கல்லில் விழுந்து இரண்டு முழங்காலுக்கும் கீழே ஒரே அளவாய்க் கிழிந்து, இரண்டும் ஒரே அளவாய் அழுகியிருந்தன. புதுப்பெண்ணின் நகையைப் பார்ப்பதுபோலப் பத்மாவதி அந்தக் கால்களைப் பார்த்தாள்.

"வலக்காலுக்குப் பப்பாக்காய், இடக்காலுக்கு யூசோல். சம்மதமோ, அண்ணை?" என்று கேட்டாள். அவர் தலையாட்டினார். "ஒரு ஆளின்ரை ரெண்டு கால், கமலா! இனி ஆர் ஆருக்குப் பங்கு குடுக்கிறது?" என்று என்னைக் கிள்ளினாள்.

முதற்கிழமை வலக்கால் சிவந்தது, இடக்கால் புண் அப்படியே கிடந்தது. பத்மாவதி வாட்டில் பாட்டே முணுமுணுத்தாள். அடுத்த கிழமை இடக்காலும் ஆறத் தொடங்கியது. பாட்டு நின்றுபோயிற்று.

டொக்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த இரண்டு டொக்டர்மாரைக் கட்டிலடிக்குக் கூட்டிவந்தார்.

"பாருங்கோ, செவ்வாய்க்கிழமையிலை இருந்து யூசோல் பிடிச்சிட்டுது! நான் ஒவ்வொரு நாளும் பாத்துக்கொண்டு வாறன். பழைய மருந்து ஆறுதலாத் தான் வேலை செய்யும், ஆனால் செய்யும்."

பத்மாவதி பப்பாக்காய்க் கிண்ணத்தோடு கட்டிலடியில் நின்றாள். ஓய்வு பெறும்வரை இனி ஒட்டிய துணியைத்தான் உரிக்கவேண்டும், அவர்கள் அம்மாவைக் கூப்பிடுவதைக் கேட்கவேண்டும்.

தியாகலிங்கம் மெல்ல எழுந்து உட்கார்ந்தார்.

"ஐயா, செவ்வாய்க்கிழமையோ சொன்னனீங்கள்?"

"ஓம், செவ்வாய்."

"செவ்வாய்க்கிழமை தான் ஐயா, மிஸி கிண்ணத்திலை மிச்சம் விட்டதை நான் இடக்காலுக்கும் வைக்கத் தொடங்கினனான். காலமை மிஸி வர முந்திக் கழுவிப்போட்டு, யூசோல் துணியைத் திரும்பக் கட்டிவிடுவன்." குரல் இறங்கிவிட்டது. "ஒரு கிழமை பொறுத்துப் பாத்தன் ஐயா. ஒண்டு ஆறி வருது, மற்றது அழுகிக் கிடக்குது. இந்தக் கால் என்ன பாவம் செய்தது? இதுவும் என்னைச் சுமந்தது தானே?"

முதலில் பிடிபட்டது பத்மாவதிக்குத்தான்.

"டொக்டர்! செவ்வாய்க்கு முந்தி இந்தக் கால் ஆறேல்லை. செவ்வாய் பப்பாக்காய் பட்டது, செவ்வாயிலை இருந்து ஆறுது. நீங்கள் தான் டொக்டர் கண்டுபிடிச்சுச் சொன்னனீங்கள்!"

கிண்ணம் கீழே விழுந்து கட்டிலுக்கடியில் உருண்டு போனது. டொக்டர் இடக்காலைப் பார்த்தார், வலக்காலைப் பார்த்தார், வந்திருந்த டொக்டர்மாரைப் பார்த்தார். பிறகு அந்த வயிறு குலுங்கும் சிரிப்பு வந்தது, இந்த முறை தன்னைப் பார்த்தே.

"நல்லா மாட்டுப்பட்டுப் போனன். யூசோலை நிப்பாட்டும், மிஸி."

தண்டையல் வாயில் விரல் வைத்து விசிலடித்தார். நான் சத்தம் போடவேண்டிய ஆள், ஆனால் போடவில்லை.

ஆஸ்பத்திரிக் கிணற்றடியில் பப்பா மரங்கள் வந்தன. பத்மாவதி அதன்பிறகும் எதையாவது சோதித்துக்கொண்டுதான் இருந்தாள். ஒன்று மட்டும் மாறியது. எந்தச் சோதனையைத் தொடங்கினாலும், "இடக்காலை மறந்திடாதை, கமலா. தெரிஞ்ச பிறகும் ஒருத்தரைக் காக்க வைக்கப்படாது" என்பாள். அது எனக்கு எந்தப் பாடப் புத்தகத்திலும் கிடைக்கவில்லை.

எண்பத்தொன்றில் அவள் ஓய்வு பெற்றாள். பிரியாவிடைக்குத் தியாகலிங்கம் வந்தார், நரைத்த தலையோடு, பனையோலையில் சுற்றிய பெரிய அறக்குளா மீன் துண்டோடு.

"எங்கடை வலையிலை பட்டது, மிஸி. இது உங்கடை பங்கு."

"நான் கடலுக்கு வரேல்லையே, அண்ணை. எனக்கு ஏன்?"

கடைசி நாளும் அவள் அதைத்தான் கேட்டாள். தியாகலிங்கம் சாரத்தைக் கொஞ்சம் தூக்கி, இடக்காலை ஒரு அடி முன்னுக்கு வைத்துக் காட்டினார். பத்மாவதி அழுதுகொண்டே மீனை வாங்கினாள்.