தழும்பில்லாதவர்

தங்கையின் வயிற்றில் இருக்கும் தழும்பைப் பார்த்து நீங்கள் எப்போதாவது பொறாமைப்பட்டதுண்டா? இவர் படுகிறார். லாரி இருக்கைகளுக்கு ரெக்சின் உறை தைக்கும் பட்டறையில், நூல் அறுந்து மிஷின் நிற்கும்போதெல்லாம் பேச்சு அங்கேதான் போய் நிற்கும்.

"அவளுக்கென்ன, மகராசி. ஆபரேசன் பண்ண டாக்டர் பஞ்சை உள்ளயே வச்சுத் தச்சுட்டாரு. கோர்ட்டுல தழும்பைக் காட்டி நஷ்டஈடு வாங்கிட்டா. டாக்டர் மன்னிப்பும் கேட்டாரு. நான் எதைக் காட்டுறது?"

"கூடப் பொறந்தவ மேல இப்படி வயிறெரியலாமாக்கா?" என்று பக்கத்து மிஷின்காரி சீண்டுவாள்.

"எரியுது. எரியலன்னு பொய் சொல்லவா?" நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே பதில் வரும்.

சண்டை போட்டுக்கொண்டு இவர் அம்மா வீட்டுக்குப் போயிருந்த சமயம், வீட்டில் தனியாக இருந்த கணவர் மாரடைப்பில் இறந்துபோனார். சில நாள் கழித்துத் திரும்பி வந்து கதவைத் திறந்தவர் இவரே. கோடை வெக்கையில் உடல் ஊதிப்போயிருந்தது. மேல் பொத்தான் வரை போட்டிருந்த சட்டையின் காலர், வீங்கிய கழுத்தைச் சுற்றிப் பள்ளம் பதித்திருந்தது. பிணவறை ஊழியர்கள் வழக்கம்போல் துணியைக் கழற்றி மூட்டை கட்டிய பிறகே டாக்டர் வந்தார். பள்ளத்தைப் பார்த்தார், சட்டையைக் கேட்கவில்லை. 'கயிற்றால் நெரித்த தடம்' என்று எழுதினார். சண்டை போட்டிருந்ததால் கொலைப்பழி இவர்மேல் விழுந்தது, சிறைக்குப் போனார். மேல்முறையீட்டில் வேறொரு டாக்டர் புகைப்படத்தைப் பெரிதாக்கி, அந்தப் பள்ளத்தில் பொத்தானின் வட்டத்தைக் காட்டிய பிறகுதான் விடுதலை.

அதற்குள், நடை பழகும்போது இவர் விட்டுப்போன மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். வளர்த்த தங்கையை 'அம்மா' என்கிறாள். இவரைப் 'பெரியம்மா' என்கிறாள்.

"மன்னிப்புக் கேட்ட டாக்டரும் அவளுக்குத்தான், நான் பெத்த புள்ளையும் அவளுக்குத்தான்."

அந்தப் பிணவறை டாக்டர்மீது நஷ்டஈட்டு வழக்குப் போட்டிருக்கிறார். வழக்கு நிலைக்குமா என்பதே சந்தேகம். "அவரு உங்களுக்கு வைத்தியம் பாக்கலையேம்மா. நல்லெண்ணத்துல எழுதினேன்னு சொல்லித் தப்பிச்சுருவாரு" என்று வக்கீலே இழுக்கிறார்.

"வைத்தியம் பாக்காமலே இவ்வளவு பண்ணிட்டாரே சார். பாத்திருந்தா?"

இவர் கோணலாகத் தைத்த உறையைப் பிரித்துத் தைத்துத் தருவது இவர் பொறுப்பு. ஆபரேசன் செய்த டாக்டர் மறந்த பஞ்சுக்கு அவர் பொறுப்பு. ஒருத்தியைச் சிறையில் தள்ளிய வரிக்கு மட்டும் எழுதியவர் பொறுப்பில்லையாம், அது வெறும் அபிப்பிராயமாம். டாக்டரின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. மூட்டையை அவிழ்த்து அந்தச் சட்டையை அவர் ஏன் பார்க்கவில்லை என்றுதான் கேட்கிறேன். பார்ப்பது அவருடைய வேலை.

"பணம் வேணாம்னு சொல்ல மாட்டேன். ஆனா, தப்பு என்னுதுன்னு அந்த மனுசன் என் புள்ள காதுபடச் சொல்லணும்" என்கிறார் இவர்.

முதல் விசாரணையன்று முன்வரிசையில், தன் பக்கத்தில் பையை வைத்து மகளுக்கு இடம் பிடித்திருந்தார். மகள் வந்தாள், தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். எதுவும் முடிவாகாமல் வழக்கைத் தள்ளிவைத்தார்கள். அதுவரையில் இவர் பையை எடுக்கவில்லை.

அடுத்த விசாரணைக்கு நீங்களும் வாருங்கள். நீதிமன்றம் எல்லோருக்கும் திறந்ததுதான். கூடம் நிறைய உட்காருங்கள். அந்தப் பை இருக்கும் இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.