புளி போட்டுத் தேய்த்த நாணயம்

புளியும் சாம்பலும் சேர்ந்தால் விரல் நுனியில் ஓர் எரிச்சல் வரும். வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கு தேய்த்து வளர்ந்தவர்களுக்கு அது தெரியும். தலைநகரில், கோல் மார்க்கெட் பக்கத்து அரசாங்கக் குவார்ட்டர்ஸில் அந்த வேலை என்னுடையது. “விளக்கு மங்கினா வீடு மங்கும்டி” என்பாள் அம்மா; எதற்கெடுத்தாலும் பயப்படுகிற எனக்கு அந்த ஒரு சொல் போதும்.

போரில் இரு கால்களையும் இழந்தபின் சக்கர நாற்காலியில் ஊர் ஊராகப் போய், ஏழைக் குழந்தைகளின் வைத்தியத்துக்கு நிதி திரட்டிய வீரர் ஒருவர் இருந்தார். அவர் நினைவாக அரசாங்கம் வெளியிட்ட வெள்ளி நாணயத்தை அப்பா முன்பதிவு செய்து வாங்கி வைத்திருந்தார். கீழ்வீட்டு முன்னிக்கு, நாலு வயசுதான், இதயத்தில் ஓட்டை. ஆபரேஷனுக்குக் காலனியே பணம் சேர்த்தபோது, “அவர் பேர்ல வந்த காசு, அவர் செஞ்ச வேலைக்கே போகட்டும்” என்று அப்பா அதை விற்கத் துணிந்தார். நாணயம் சேகரிப்பவர் ஒருவர், நல்ல விலை தருகிறேன், ஞாயிறன்று வருகிறேன் என்றிருந்தார்.

சனிக்கிழமை நான் பெட்டியைத் திறந்து பார்த்தேன். சுற்றிலும் கண்ணாடிபோலப் பளபளப்பு. நடுவில் அந்த வீரரின் முகம் மட்டும் பனி படிந்தாற்போல மங்கலாக இருந்தது. அப்படித்தான் அச்சடிப்பார்கள் என்று எனக்கென்ன தெரியும்? வாங்க வருகிறவர் வேண்டாமென்று போய்விடுவாரோ, முன்னிக்கு என்ன ஆகுமோ என்று பயந்து, முகமும் மினுங்குகிறவரை புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன்.

“அரே பாபுஜி, யே கிஸ்னே ரக்டா?” யார் தேய்த்தது என்று, லென்ஸை வைத்துப் பார்த்தவர் கேட்டார். நாணயம் முழுக்கக் கீறல். அப்பா என் விரல்களைப் பார்த்தார். “மைனே” என்றார், நான்தான் என்று. மதராஸிகள் காசையும் சாம்பாரில் முக்குவீர்களா என்று சிரித்துவிட்டு, அவர் வெறும் வெள்ளிக்கான விலையைக் கொடுத்து எடுத்துப்போனார்.

சேர்ந்த பணம் போதவில்லை. ஆபரேஷன் ஆகாமலே முன்னியின் அப்பாவுக்கு மீரட்டுக்கு மாற்றலாயிற்று. சில மாதம் கழித்து அங்கிருந்து ஒரு ஹிந்திக் கடிதம் வந்தது. அப்பா படித்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். என்ன எழுதியிருந்தது என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. அதன்பின், தொட்டால் கெட்டுவிடுமோ என்று பரீட்சையில் வெற்றுத்தாளையே கொடுத்து வந்தேன்; எட்டாவதோடு என் படிப்பும் நின்றது.

இன்று அந்தக் குவார்ட்டர்ஸ் இல்லை, இடித்துவிட்டார்கள். அப்பாவும் இல்லை. கடைசியில் ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்று கேட்டிருக்கலாம். தண்ணி வேணுமாப்பா என்று மட்டுந்தான் கேட்டேன்.