சித்தப்பாவின் இரண்டாவது பிரேக்

என் சித்தப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். தெருவில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். பழகுபவர் ஓட்டும்போது பக்கத்து சீட்டில் இருப்பார். அங்கே அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதை நம்பித்தான் தொழிலே. யாராவது பெடலைத் தேடிக் குனிந்தால், "காலைப் பாக்காதே, ரோட்டைப் பாரு. கால் எங்கயும் ஓடிப்போகாது" என்பார்.

அவருடைய கால்தான் போனது. ஒரு சளிக்காய்ச்சல் விட்ட கையோடு, நெஞ்சுக்குக் கீழே பெல்ட்டை இறுக்கிக் கட்டியதுபோல் இருக்கிறது என்றார். மறுநாள் இரண்டு கால்களும் மரத்துப்போயின, சிறுநீரும் இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் தண்டுவட அழற்சி என்றார்கள்.

"இதுல பல வகை இருக்கும்மா" என்று டாக்டர் சித்திக்கு விளக்கினார். "சிலருக்குக் கிருமியே தண்டுவடத்துக்குள்ள புகுந்துடும். சிலருக்குக் கிருமியை அடிக்க வந்த எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாம சொந்த நரம்பையே அடிச்சிடும். இவருக்கு அப்படித்தான். வீக்கம் தண்டுவடத்துக்குக் குறுக்கால முழுசா பரவியிருக்கு. அதனால அதுக்குக் கீழ அசைவு, உணர்ச்சி ரெண்டுமே போயிருக்கு."

"முழுசா சரியாகுமா டாக்டர்?"

"சிலருக்கு ஆகும். சிலருக்குப் பாதி. போகப்போகத்தான் தெரியும்."

சித்தி கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தாள். "ஆள் தெரியாம அடிச்சுதாம். அதுக்கும் உங்க அவசரம்."

மருந்தும் பயிற்சியுமாக மாதங்கள் ஓடின. காலில் பலம் திரும்பியது. பாதத்தில் உணர்ச்சி மட்டும் வரவில்லை. குனிந்து காலைப் பார்த்துக்கொண்டேதான் நடந்தார். ஆனாலும் வேலைக்குப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"முதல்ல என்னை நிறுத்திக் காட்டுங்க" என்றாள் சித்தி. அவளும் அவரிடம் ஓட்டப் பழகியவள்தான்.

காலி மைதானத்தில் ஓர் அட்டைப்பெட்டியை வைத்துவிட்டுக் காரை எடுத்தாள். பக்கத்து சீட்டில் சித்தப்பா, பின்சீட்டில் நான். பெட்டி நெருங்கியது. கார் அதன்மேல் ஏறி நசுக்கிய பிறகு சித்திதான் நிறுத்தினாள்.

"அழுத்தினேனே" என்றார் சித்தப்பா. குனிந்து பார்த்தார். பாதம் பிரேக்குக்குப் பக்கத்தில் வெறும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

சித்தி நேரே மெக்கானிக்கிடம் போனாள். "கால்ல இருக்கற பிரேக்கைக் கைக்குக் கொண்டுவர முடியுமாண்ணே?" அவர் பெடலோடு ஒரு கம்பியை இணைத்து, சித்தப்பாவின் கைக்கு எட்டும்படி பிடி வைத்துக் கொடுத்தார்.

மறுபடியும் மைதானம், வேறொரு பெட்டி. இந்த முறை சித்தப்பா குனியவில்லை. பிடியில் கை, பார்வை நேராக. சித்தி வேண்டுமென்றே வேகத்தைக் கூட்டினாள். கார் பெட்டிக்கு முன்னால் குலுங்கி நின்றது.

"இப்படியா ஓட்டுவ? நான்தான் கத்துக்கொடுத்தேன்னு வெளியில சொல்லாதே" என்றார். குரல் பழைய குரல்.

இறங்கி நடக்கும்போது வழக்கம்போல் தலை குனிந்தது. சித்தி அவர் கையைக் கோத்துக்கொண்டாள்.

"ரோட்டைப் பாருங்க மாஸ்டர். காலை நான் பாத்துக்கறேன்."